எந்தக் கிட்னி?
சீன மருத்துவத்தின் உறுப்புகளையும் கூட்டு மருந்துகளையும் வாசித்தல்

1

போன வருஷம் அம்மா மூட்டுவலிக்காக அக்குபங்சர் பார்க்கிற ஒருவரிடம் போய் வந்தாள். அவர் இரண்டு கையிலும் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கிறார்: 'கிட்னில சக்தி கொறைஞ்சிருக்கும்மா.' எங்கள் தெருவில் ஒருவர் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸுக்குப் போய்வருவதை அம்மா தினமும் திண்ணையிலிருந்து பார்க்கிறவள். இரண்டு ராத்திரி தூங்கவில்லை. 'ஏண்டா, எனக்கும் மிஷின்ல ரத்தம் சுத்தம் பண்ணணுமா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கிரியாட்டினின் பார்த்தோம். கோளாறு எதுவும் இல்லை. கோபத்தோடு அந்த ஆளிடம் போய்க் கேட்டேன். அவர் பதறவே இல்லை. 'நான் சொன்ன கிட்னி வேற சார், அவங்க டெஸ்ட் பண்ணுன கிட்னி வேற' என்றார்.

தப்பித்துக்கொள்ளச் சொல்கிற பேச்சு என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். பிறகு ஒரு வருஷமாகக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துப் பார்த்ததில், அவர் சொன்னது சரி என்பது புரிந்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. அவர் செய்தது தவறு. இரண்டு கிட்னி உண்டு என்பது அவருக்கு முன்பே தெரியும்; அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தவர் தெரியாதவளிடம் அந்தச் சொல்லைச் சும்மா விட்டெறிந்தார். இந்தக் கட்டுரை அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பற்றியது.

நம் வட்டாரத்தில் இதைப் பேசினால் இரண்டு தோழர்கள் உடனே எழுந்து நிற்பார்கள். ஒருவர் பகுத்தறிவுக்காரர். 'மண்ணீரலை வெட்டி எடுத்தவன்கூட நல்லா சாப்பிட்டுச் செரிக்கிறான். மண்ணீரல்தான் சோறு செரிக்குதுன்னு சொல்றவன்கிட்ட என்ன பேச்சு?' என்பார். மற்றவர் மேற்கத்திய அறிவின் வன்முறையைப் பற்றி நிறையப் படித்தவர். 'அது வேறொரு அறிவு மரபு. உன் அளவுகோலை அங்கே கொண்டுபோகாதே' என்பார். இரண்டு பேரும் உரக்கப் பேசுவார்கள். ஆனால் 'அந்த உறுப்பு என்றால் என்ன?' என்ற கேள்வியை இருவருமே கேட்பதில்லை. முன்னவருக்கு அது பொய். பின்னவருக்கு அது புனிதம். பொய்யையும் புனிதத்தையும் யாரும் வாசிப்பதில்லை.

2

சீன மருத்துவத்தின் மூலப் பிரதி என்று கருதப்படுவது ஹுவாங்தி நெய்ஜிங், அதாவது மஞ்சள் பேரரசரின் அக நூல். ஒரே ஆள் ஒரே மூச்சில் எழுதியதல்ல, கி.மு. 2, 1ஆம் நூற்றாண்டுகளிலிருந்து பல கைகள் எழுதிச் சேர்த்த தொகுப்பு. அதன் முதல் பாகமான சுவென்னின் 8ஆம் அத்தியாயம் உறுப்புகளை ஒரு அரசாங்கத்தின் பதவிகளாக வரிசைப்படுத்துகிறது. இருதயம் அரசன். நுரையீரல் அரசனுக்கு அடுத்த அமைச்சன். கல்லீரல் படைத்தளபதி, திட்டம் தீட்டுவது அவன் வேலை. பித்தப்பை தீர்ப்புச் சொல்லும் அதிகாரி. மண்ணீரலும் இரைப்பையும் தானியக் களஞ்சியத்துக்குப் பொறுப்பு. மூன்று உலைகள் என்று ஒன்று உண்டு, அது நீர்வழிகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி.

இது வெறும் உவமை அல்ல. உள்ளுறுப்புகளைச் சீனத்தில் இரண்டு வகையாகப் பிரிப்பார்கள்: ட்ஸாங் ஐந்து, ஃபூ ஆறு. ட்ஸாங் என்ற சொல்லின் அடியில் இருப்பது சேமித்து வைத்தல். ஃபூ என்பதன் அடியில் இருப்பது அரசுக் கிடங்கு, அலுவலகம், மாளிகை. பழைய எழுத்தில் இவற்றுக்குப் பக்கத்தில் சதையைக் குறிக்கும் குறி கிடையாது. 'இது உடம்பின் உறுப்பு' என்று காட்டும் அந்தக் குறி பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. முதலில் இருந்தது கிடங்கும் கச்சேரியும்தான். கி.மு. 221இல் சின் அரசன் நாடுகளை விழுங்கி ஒரே பேரரசாக்கினான். அடுத்து வந்த ஹான் ஆட்சி அதை நிலைப்படுத்தியது. சாலை, கால்வாய், களஞ்சியம், தலைநகரத்துக்கும் மாகாணத்துக்கும் இடையே ஓயாத போக்குவரத்து. இந்தப் புது அரசின் வரைபடம்தான் உடம்பின் மேல் விழுந்தது என்று பால் உன்ஷுல்ட் 1985இல் வெளிவந்த தன் வரலாற்று நூலில் வாதிட்டார். எனக்கு அது சரியாகவே படுகிறது. உடம்பு இங்கே ஒரு ராஜ்யம். நோய் என்பது தடைபட்ட போக்குவரத்து. அல்லது எல்லை தாண்டி வந்த பகை.

மூன்று உலைகளைப் பாருங்கள். அதற்குப் பெயர் உண்டு, உருவம் கிடையாது என்று பிற்காலத்து நான்ஜிங் பிரதியே ஒப்புக்கொள்கிறது. அறுத்துப் பார்த்தால் எதுவும் அகப்படாது. அதைப் பற்றி அந்தப் பிரதிக்குக் கவலையும் இல்லை. நீர்ப்பாசன அதிகாரி என்கிற வேலை இருந்தால் போதும். அவருக்குத் தனியாக ஒரு கட்டடம் வேண்டும் என்பதில்லை. அதே நான்ஜிங், இரண்டு கிட்னியில் இடது மட்டும்தான் கிட்னி, வலது உயிரின் வாசல் என்றும் சொல்கிறது. இரண்டும் ஒரே மாதிரிச் சதைதான் என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியாமலா போயிருக்கும்? சதை அவர்களுடைய கேள்வியாக இருக்கவில்லை. வேலை எது, பொறுப்பு எது என்பதே கேள்வி.

சரி, கிட்னியின் பொறுப்பில் என்னென்ன இருக்கிறது? பிறக்கும்போதே கொண்டுவந்த சாரம், எலும்பு, மஜ்ஜை, தலைமுடி, காது, நீர், குளிர்காலம். உணர்ச்சிகளில் பயம். சுவென்னின் முதல் அத்தியாயம் பெண்ணின் ஆயுளை ஏழு ஏழாகவும் ஆணின் ஆயுளை எட்டு எட்டாகவும் பிரித்துச் சொல்கிறது. பெண்ணுக்கு 7 வயதில் பல் விழுந்து முளைக்கிறது, 14இல் தீட்டு வருகிறது, 49இல் நிற்கிறது. ஆணுக்கு 64இல் பல்லும் முடியும் போகின்றன. இத்தனைக்கும் கணக்கு வைத்திருப்பது கிட்னி. அப்படியானால் 'கிட்னி குறைகிறது' என்பதற்கு அந்த மொழியில் என்ன அர்த்தம்? பல் ஆடுகிறது, காது மந்தமாகிறது, முடி நரைக்கிறது, முழங்கால் தளர்கிறது. ஒரே சொல்லில் சொன்னால், வயசாகிறது. அம்மாவுக்கு அப்போது 66. 'உங்களுக்கு வயசாயிடுச்சும்மா' என்பதைத்தான் அந்த மனிதர் நாடி பிடித்துச் சொல்லியிருக்கிறார். பயம் கிட்னிக்குச் சொந்தமான உணர்ச்சி என்று படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சொல்லால்தான் அது அம்மாவுக்கு வந்தது.

இது நமக்கு அந்நியமான பேச்சும் அல்ல. 'ஈரக்குலை நடுங்கிப்போச்சு' என்கிறவளை யாரும் ஸ்கேன் எடுக்க அனுப்புவதில்லை. 'பெத்த வயிறு பத்தி எரியுது' என்று அழுகிறவளுக்கு அல்சர் மாத்திரை கொடுப்பதில்லை. அந்த ஈரலும் வயிறும் வேறொரு உடம்பைச் சேர்ந்தவை என்பது நமக்குத் தெரியும். வித்தியாசம் இதுதான்: நாம் அந்த உடம்பை ஒப்பாரிக்கும் வசைக்கும் விட்டுவைத்தோம், சீனர்கள் அதை ஒழுங்குபடுத்தி மருந்துச்சீட்டு எழுதினார்கள்.

3

அப்படியானால் குழப்பம் எங்கே வந்தது? மொழிபெயர்ப்பில். ஆனால் பலரும் நினைப்பதுபோல சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன பாதையில் மட்டுமல்ல, எதிர்ப் பாதையில். 1774இல் ஜப்பானில் சுகிதா கென்பாக்கு குழுவினர் டச்சு உடற்கூற்று நூல் ஒன்றைச் சீன எழுத்தில் மொழிபெயர்த்தார்கள். 1851இல் பெஞ்சமின் ஹாப்சன் என்ற மிஷனரி மருத்துவர் குவாங்சோவில் மேற்கத்திய உடற்கூற்றைச் சீனத்தில் நூலாக வெளியிட்டார். வெட்டித் திறந்த உடம்பில் கண்ட சதைத் துண்டுகளுக்குப் பெயர் வேண்டுமே? பழைய ட்ஸாங் பெயர்களையே எடுத்து ஒட்டினார்கள். களஞ்சிய அதிகாரியின் பெயர் விலாவுக்கடியில் கிடந்த ஊதா நிறச் சதைக்குப் போனது. கணையத்துக்குப் பழைய பெயர் ஒன்றும் பொருந்தாததால் ஜப்பானில் அதற்கென்று ஒரு புது எழுத்தையே உண்டாக்கினார்கள். நரம்பு என்பதற்கும் அப்படித்தான் புதுச் சொல்.

ஆக, பழைய குறிப்பான் அப்படியே இருந்தது; குறிப்பீடு அடியோடு மாறியது. நூறு வருஷம் கழித்து இந்தப் புது அர்த்தத்தை வைத்துக்கொண்டு பழைய பிரதியைப் படித்தவர்களுக்கு அது முழுக்க உளறலாகத் தெரிந்தது. நமது பகுத்தறிவுத் தோழருடைய மண்ணீரல் நகைச்சுவை இந்த மொழிபெயர்ப்பின் பிள்ளை. அந்தச் சதைதான் மண்ணீரல் என்று நெய்ஜிங் காலத்தில் எவரும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு மற்ற தோழர் துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். பழைய பிரதிகளில் உறுப்புகளின் எடையும் நீளமும்கூட எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. சதைக்கும் பதவிக்கும் சம்பந்தமே இல்லை என்று அவர்கள் சொன்னதில்லை. சம்பந்தத்தைத் தெளிவாக்காமல் விட்டார்கள், அவ்வளவே.

4

இலக்கியக்காரர்களுக்கு இந்த இடத்தில் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. சீன மருத்துவத்தை வெறுத்தவர்களில் நம்மில் பலருக்கும் தெரிந்தவர் லூ சுன். அவருடைய அப்பா 1896இல் இறந்துபோனார். பல வருஷம் கழித்து, 1926இல், அப்பாவின் நோயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பேர்பெற்ற வைத்தியர்கள் மருந்தோடு சேர்க்கச் சொன்ன துணைச்சரக்குகளைத் தேடி அலைந்த பையனின் ஞாபகம் அது. ஒரு ஜோடி சிள்வண்டு வேண்டும். அதுவும் ஒரே வளையில் ஆதியிலிருந்து ஜோடியாக வாழ்ந்தவையாக இருக்க வேண்டும். வயிறு வீங்கியபோது கிழிந்த முரசுத் தோலில் செய்த மாத்திரை. ஏன் முரசுத் தோல்? அந்த வீக்கத்துக்கு முரசு வீக்கம் என்றும் பெயர். கிழிந்த முரசு வீங்கிய முரசை வெல்லுமாம். அவருடைய 'மருந்து' என்ற 1919ஆம் வருஷக் கதையில் காசநோய்க்காரப் பையனுக்கு, வெட்டிக் கொல்லப்பட்ட புரட்சிக்காரனின் ரத்தத்தில் தோய்த்த ரொட்டியைத் தின்னக் கொடுப்பார்கள். சொல்லில் இருக்கும் ஒப்புமையையே பொருளில் இருக்கும் ஆற்றலாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை லூ சுன்னைவிடக் கூர்மையாக எவரும் எழுதவில்லை.

லூ சுன் என்ற புனைபெயர் வருவதற்கு முன், 1913இல், அவருடைய முதல் கதை பழைய இலக்கிய மொழியில் ஒரு மாத இதழில் வந்தது. அதைத் தேர்ந்தெடுத்து, பாராட்டுக் குறிப்புகளும் எழுதி வெளியிட்ட ஆசிரியர் யுன் தியேச்சியாவ். இந்த யுன், தன் பிள்ளைகளை நோயில் பறிகொடுத்தபின் பழைய மருத்துவ நூல்களுக்குள் தலையை விட்டவர். பத்திரிகையை விட்டு வைத்தியரானவர். அதே காலத்தில் ஜப்பானில் மருத்துவம் படித்துவிட்டு வந்த யூ யுன்சியு, நெய்ஜிங்கின் உறுப்புகளை உடற்கூற்றோடு ஒப்பிட்டு வரிவரியாக உடைத்து 1917இல் ஒரு நூல் வெளியிட்டார். யுன் 1922இல் அதற்குப் பதில் எழுதினார். அவருடைய வாதத்தின் சாரம்: நெய்ஜிங்கின் ஐந்து உறுப்புகள் ரத்தமும் சதையுமான உறுப்புகள் அல்ல, பருவகாலங்களின் உறுப்புகள். கல்லீரல் என்றால் வசந்தம், கிட்னி என்றால் குளிர்காலம்.

ஒரே விஷயத்துக்கு இரண்டு எதிர்வினை. இரண்டு பேரும் சாவைப் பார்த்தவர்கள். ஒருவன் அப்பாவை இழந்தான், அந்த மருத்துவத்தை மோசடி என்றான். ஒருவன் பிள்ளைகளை இழந்தான், அதையே கட்டிப்பிடித்துக்கொண்டான். எவரையும் பிற்போக்கு, முற்போக்கு என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியவில்லை. யுன்னின் பதில் அறிவார்ந்த பதில். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. கிட்னி என்பது குளிர்காலம் என்றால், சதைக் கிட்னி பழுதாகும்போது குளிர்காலத்தைச் சரிசெய்து என்ன பயன்? யுன் காப்பாற்றியது பிரதியை. நோயாளியைக் காப்பாற்ற அது மட்டும் போதாது.

1929 பிப்ரவரியில் யூ யுன்சியுவின் யோசனைப்படி பழைய மருத்துவத்தை ஒழிக்க, நான்கிங் அரசின் மத்திய சுகாதாரக் குழு தீர்மானம் போட்டது. மார்ச் 17ஆம் தேதி நாடு முழுவதுமிருந்து வைத்தியர்களும் மருந்துக் கடைக்காரர்களும் ஷாங்காயில் கூடினார்கள். தீர்மானம் அமலுக்கு வரவில்லை. அன்றிலிருந்து 'தேச மருத்துவம்' என்ற பெயர் கொடியானது. தேசம் என்று பெயர் வைத்த பிறகு எதையும் விமர்சிப்பது கஷ்டம், நமக்குத் தெரியாததா?

5

இனி கூட்டு மருந்துக்கு வருகிறேன். என்னை வியக்கவைத்தது இந்தப் பகுதி.

கி.பி. 200ஐ ஒட்டி ஜாங் ஜோங்ஜிங் எழுதியது என்று சொல்லப்படும் ஷாங்ஹான் லுன், காய்ச்சலைப் பற்றிய நூல். இருநூறுக்கு மேற்பட்ட தன் குலத்தாரில் மூன்றில் இரண்டு பங்கு பத்து வருஷத்துக்குள் செத்துப்போனார்கள், அதில் பெரும்பாலும் காய்ச்சலால் என்று முன்னுரை சொல்கிறது. அதன் முதல் மருந்து குய்ஜி கஷாயம். லவங்கப்பட்டை இனத்து மரத்தின் இளங்கிளை 3 பங்கு, பியோனி வேர் 3, இஞ்சி 3, வறுத்த அதிமதுரம் 2, இலந்தைப் பழம் 12. காய்ச்சல், வியர்வை, தலைவலி, காற்றுப் பட்டால் ஒடுங்கிப்போவது, இவை சேர்ந்து இருந்தால் கொடுக்க வேண்டும். குடித்துக் கொஞ்ச நேரம் கழித்துச் சூடாக நீர்க்கஞ்சி குடிக்கணும், போர்த்திக்கொண்டு படுக்கணும், மெலிசாக வேர்க்கணும், தண்ணீராய் ஊற்றக்கூடாது. ஒரு வேளையிலேயே குணமானால் மிச்சத்தைக் குடிக்க வேண்டாம். எங்கள் ஆயா படித்திருந்தால் இதில் ஒரு வரியைக்கூட அதிசயமாக நினைத்திருக்க மாட்டாள்.

அதிசயம் அடுத்ததில் இருக்கிறது. இதே ஐந்து சரக்கு. பியோனியை மட்டும் 3இலிருந்து 6 ஆக்கினால் அது வேறு மருந்து, வேறு பெயர்: தவறாகப் பேதி கொடுத்து வயிறு உப்பி வலிப்பவனுக்கு. பியோனியைப் பழையபடி 3இல் விட்டு, லவங்கக் கிளையை 5 ஆக்கினால் இன்னொரு மருந்து: அடிவயிற்றிலிருந்து ஏதோ பன்றிக்குட்டி ஓடுவதுபோல நெஞ்சுக்கு ஏறுகிறது என்பவனுக்கு. பியோனி 6 வைத்து அதோடு தானியப் பாகு சேர்த்தால் மூன்றாவது மருந்து: இளைத்துப்போய் வயிறு பிடித்து இழுப்பவனுக்கு. சொற்கள் அவையே, அளவும் உறவும் மாற, வாக்கியம் மாறிவிடுகிறது. மொழியில் எதுவும் தன்னளவில் அர்த்தம் கொண்டதல்ல, வேறுபாட்டில்தான் அர்த்தம் என்று சசூர் சொன்னதை நாம் எவ்வளவு பாடுபட்டுப் புரிந்துகொண்டோம்! பியோனி எதற்கு நல்லது என்று கேட்டால் இந்த நூல் பதில் சொல்லாது. எதோடு, எவ்வளவு, யாருக்கு என்று திருப்பிக் கேட்கும்.

இதற்குப் பின்வந்தவர்கள் ஒரு இலக்கணம் எழுதினார்கள்: அரசன், அமைச்சன், உதவியாளன், தூதன். ஒவ்வொரு கூட்டு மருந்திலும் இந்த நான்கு பதவி. மறுபடியும் ராஜ்யம்! ஆனால் இங்கே ஒரு பிளவு இருக்கிறது, கவனிக்கணும். ஷென்னோங் பெயரில் வழங்கும் பழைய சரக்கு நூல் 365 சரக்குகளை மூன்று சாதியாகப் பிரிக்கிறது. மேல்வகுப்பு 120ம் அரசர், நடு 120ம் அமைச்சர், கீழ்வகுப்பு 125ம் ஏவல். பிறப்பால் வரும் தகுதி இது. சுவென்னின் 74ஆம் அத்தியாயம் இதை ஏற்பதில்லை. நோயை எது ஆள்கிறதோ அந்தச் சரக்குத்தான் அந்த மருந்தில் அரசன். மேல், கீழ் என்ற வகுப்பைக் குறிப்பதல்ல அந்தப் பெயர் என்று தெளிவாக மறுக்கிறது. இந்த மருந்தில் அரசனாக இருப்பது அடுத்த மருந்தில் தூதனாகக் கைகட்டி நிற்கும். ராஜ்யத்தின் மொழியில் பேசிக்கொண்டே ராஜ்யத்தின் பிறப்புரிமையைக் கழற்றிவிடுகிற இடம் இது. பேரரசின் பிரதிக்குள்ளேயே ஒரு கலகக்குரல் என்று இதை வாசிக்க எனக்கு ஆசை. ஆனால் அரசன் என்ற நாற்காலி காலியாவதே இல்லை; உட்காருகிற ஆள்தான் மாறுகிறான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு உதாரணம். 1119ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட குழந்தை மருத்துவ நூலில், சியென் யி என்ற மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங்கின் பழைய கிட்னி மாத்திரையிலிருந்து சூடான இரண்டு சரக்குகளை எடுத்துவிட்டு ஆறு சரக்கு மாத்திரை செய்தார். 8, 4, 4 என்று ஊட்டுகிற மூன்று. 3, 3, 3 என்று வடிக்கிற மூன்று. ஊட்டும்போதே வடிகாலும் வைக்கிற சாதுரியம். உச்சிக்குழி மூடாத குழந்தைக்காக உண்டானது இது. இன்றைக்குச் சீனாவில் 'கிட்னி பலவீனம்' என்று கிசுகிசுக்கிற ஆண்கள் வாங்கித் தின்பதும் இதுதான். அங்கே அந்தச் சொல்லுக்குத் தெருவில் வழங்கும் அர்த்தம் ஆண்மைக் குறைவு. உச்சிக்குழியிலிருந்து படுக்கையறைக்கு ஒரு மருந்து பயணம் போயிருக்கிறது. டிக்கெட் வாங்கிக் கொடுத்தது கிட்னி என்ற சொல்.

6

உறுப்புக் கோட்பாடு அஸ்திவாரம், அதன்மேல் கட்டப்பட்டவை கூட்டு மருந்துகள் என்றுதான் பாடநூல்கள் சொல்லும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஷாங்ஹான் லுன்னில் உறுப்புகளைப் பற்றிய பேச்சு குறைவு. அறிகுறி இது, மருந்து இது என்றே பெரும்பாலும் போகிறது. ஜப்பானில் யோஷிமாசு தோதோ (1702-1773) ஐந்து உறுப்பு, ஐந்து பூதம் எல்லாம் வெற்று ஊகம் என்று தூக்கியெறிந்துவிட்டு ஜாங் ஜோங்ஜிங்கின் மருந்துகளை மட்டும் வைத்துக்கொண்டார். அஸ்திவாரத்தை எடுத்தும் வீடு விழவில்லை. சீனத்திலேயே வாங் சிங்ரென் 1797இல் ஒரு கொள்ளைநோய்க் காலத்தில், மேலோட்டமாகப் புதைக்கப்பட்டு நாய்கள் கிளறிப்போட்ட குழந்தைச் சவங்களைப் பத்து நாள் நின்று பார்த்து, பழைய உறுப்புப் படங்களைத் திருத்தி 1830இல் நூல் போட்டார். தமனிகளில் காற்று ஓடுகிறது என்று அவரும் தப்பாகவே எழுதினார். அவர் திருத்திய உடற்கூறு மறக்கப்பட்டது. அவர் எழுதிய கூட்டு மருந்துகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

உறுப்பையும் மருந்தையும் இறுக்கிக் கட்டி, 'இந்த அறிகுறிக் கூட்டம், ஆகவே இந்த உறுப்பின் இந்தக் குறை, ஆகவே இந்த மருந்து' என்று ஒரே சங்கிலியாக்கியது பெருமளவுக்கு 1950களின் மக்கள் சீனம். 1956இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு ஆகிய 4 ஊர்களில் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. கல்லூரி என்றால் பாடநூல் வேண்டும்; பாடநூல் என்றால் முரண்கள் இருக்கக்கூடாது. ஒருவரோடொருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டாயிரம் வருஷத்து வைத்தியர்களை ஒரே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். 1958இல் மாவோ இதைப் பெரும் புதையல் என்றார். கிராமத்துக்கு மருத்துவர் கிடைக்காத நாட்டில் அதற்கு நியாயம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 'தொன்மையான, மாறாத, ஒரே மரபு' என்று நம்மிடம் இன்று விற்கப்படுவது இந்தப் பாடநூல். 2019இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற நோய்ப் பட்டியலின் 26ஆம் அத்தியாயத்திலும் கிட்னி, கல்லீரல் குறைபாடுகள் குறியீட்டு எண்ணோடு உட்கார்ந்திருக்கின்றன. பருவகாலத்துக்கு எண் கொடுத்தாயிற்று.

'அப்போ தூ யூயூ?' என்று கேட்பார்கள். மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் கண்டு 2015இல் நோபல் வாங்கியவர். 4ஆம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய கைநூலில் ஒரு கைப்பிடி சிங்ஹாவ் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொன்ன குறிப்புதான், கொதிக்கவைக்காமல் குறைந்த சூட்டில் சாரம் எடுக்கும் யோசனையை 1971இல் அவருக்குத் தந்தது. பெருமைப்படலாம். ஆனால் அந்தக் குறிப்பில் உறுப்பு இல்லை, அரசன் அமைச்சன் இல்லை. ஒரு செடி, ஒரு காய்ச்சல், ஒரு கைப்பக்குவம். வென்றது எது என்று பிரித்துப் பார்க்காமல் கொடி பிடிக்கக்கூடாது.

7

இதுவரை பேசியதெல்லாம் வாசிப்பு. இனிச் சொல்வது சாவு.

1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில், உடல் இளைக்க ஒரு மருத்துவமனையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்ட பெண்களுக்கு வரிசையாகக் கிட்னி செயலிழந்தது. மொத்தம் நூறு பேருக்கு மேல். பலருக்கு டயாலிசிஸ், மாற்றுக் கிட்னி. பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்று. மாத்திரையில் ஃபாங்ஜி என்ற சீனச் சரக்கு இருக்க வேண்டும். ஃபாங்ஜி என்ற பெயரில் இரண்டு செடிகள் உண்டு. ஒன்று ஸ்டெஃபானியா, இன்னொன்று அரிஸ்டோலோகியா இனம். வந்து சேர்ந்தது பின்னது. அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சதைக் கிட்னியைத் தின்றுவிட்டது. நம் தோழர் குறுக்கிடுவார்: 'அது பாரம்பரிய மருந்தே இல்ல, மேற்கத்திய மாத்திரைகளோட கலந்த வியாபாரச் சரக்கு.' உண்மை. ஆனால் சீனாவுக்குள்ளேயே நடந்ததற்கு என்ன சொல்வார்? கல்லீரலின் தீயைத் தணிக்கும் என்று காலங்காலமாகக் கொடுத்துவந்த லோங்டான் மாத்திரையில் முதோங் என்ற சரக்கு உண்டு. பழைய முதோங் வேறு செடி. இருபதாம் நூற்றாண்டில் அதன் இடத்தில் குவான் முதோங் வந்து உட்கார்ந்தது. அதுவும் அரிஸ்டோலோகியா. கல்லீரல் என்ற சொல்லுக்காக விழுங்கிய மாத்திரை, கிட்னி என்ற சதையைக் கொன்றது. 2003இல் சீன அரசு குவான் முதோங்கை மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது.

முரசு வீக்கத்துக்கு முரசுத் தோல், ஃபாங்ஜிக்கு ஃபாங்ஜி, முதோங்குக்கு முதோங், கிட்னிக்குக் கிட்னி. ஒரே பெயர், இரண்டு பொருள். லூ சுன் பார்த்த அதே வழுக்கல். பெயர் வழுக்குகிற இடத்தில்தான் அர்த்தம் பெருகுகிறது என்று நாம் கவிதையைப் பற்றி எழுதுகிறோம், கொண்டாடுகிறோம். கவிதையில் யாரும் சாவதில்லை. மருந்துக் கடையில் அந்த வழுக்கலுக்கு உடம்பு கொடுத்தவர்கள் பெரும்பாலும் தங்கள் மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க வழியில்லாதவர்கள்.

இதை எழுதும்போது நம் ஊரையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அரிஸ்டோலோகியா இனம்தான். 'நம்ம மூலிகை ஒண்ணும் பண்ணாது' என்பதை அந்த அமிலம் கேட்காது. அதற்குச் சீனமும் தமிழும் ஒன்று.

8

இரண்டு தோழர்களுக்கும் என் பதில் இதுதான். பகுத்தறிவுத் தோழரே, மண்ணீரல் நகைச்சுவையை விட்டுவிடுங்கள். நீங்கள் உடைப்பது 19ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பை. உடைக்க வேண்டியது, எந்தச் சரக்கு, எத்தனை நாள், யாருக்கு, என்ன ஆயிற்று என்று கணக்கு எழுதாத பழக்கத்தை. மாற்று அறிவு பேசும் தோழரே, ட்ஸாங் என்பது சதை அல்ல என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அப்படிச் சொன்ன அடுத்த நிமிஷம் டயாலிசிஸ் நோயாளியிடம் 'கிட்னிக்கு மருந்து இருக்கு' என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை. பதவியின் பெயரைச் சொல்லிச் சதைக்குக் காசு வாங்கக்கூடாது. இந்த இரட்டை நாக்கில்தான் மொத்த வியாபாரமும் நடக்கிறது.

அம்மாவுக்கு ஒரு வழியாக விளக்கினேன். 'அவரு சொன்னது வேற கிட்னிம்மா. வயசானா முட்டி வலிக்கும், காது கேக்காது, பயம் வரும். அதுக்கெல்லாம் அவங்க ஊர்ல ஒரே பேரு.' அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். 'அதை அன்னைக்கே அந்த ஆளு சொல்லிருக்கலாமில்ல' என்றாள். பிறகு, 'ஆனா கைய ரொம்ப நேரம் புடிச்சுப் பாத்தாருடா. ஆஸ்பத்திரில யாரு அப்டிப் பாக்குறா' என்றாள்.

முதல் வாக்கியத்தை அந்த வைத்தியரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டாவதை யாரிடம் போய்ச் சொல்வதென்று தெரியவில்லை.